செபமாலை பிடித்த பார்வோன்

எகிப்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாரும் சோதனை முடிந்த கையோடு அதை மறந்துவிட்டார்கள். நானும் முக்கால்வாசி மறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்து, எகிப்தை எடுத்துத் தன் வாழ்க்கையில் ஒரு காரியத்துக்குப் பாவித்த ஒரே ஆள் என் சின்னம்மாதான். வரலாறு எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் எழும்பிப் போகலாம்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. குருநகரில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு குறுகல் தெரு, அதுதான் எங்கள் ஒழுங்கை. சண்டை முடிந்து, பள்ளிக்கூடங்களில் கண்காட்சி, விளையாட்டுப் போட்டி எல்லாம் திரும்பத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வரலாற்று ரீச்சர் வகுப்பை நாலு குழுவாகப் பிரித்தார். பழைய நாகரிகங்கள் நாலு, குழுவும் நாலு. முன்வரிசை வாங்கில் இருந்த பிள்ளைகளுக்குச் சிந்துவெளி. அவர்களுடைய அப்பாமார் ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் வேலை செய்தார்கள். அடுத்தவர்களுக்குச் சீனா, மெசப்பொத்தேமியா. கடைசியில் மிஞ்சிய எகிப்தை, கடைசியில் மிஞ்சிய எங்கள் மூன்று பேரிடமும் தள்ளிவிட்டார். நான், ஜெனிற்றா, அன்ரன். மூன்று பேரும் ஒரே ஒழுங்கை, மூன்று பேரின் அப்பாமாரும் கடலுக்குப் போகிறவர்கள்.

"மட்டையிலை ஒரு பிரமிட் செய்துகொண்டு வாங்கோ, காணும்" என்றார் ரீச்சர். "மீன் மணக்காமல் கொண்டு வாங்கோ."

வகுப்பு சிரித்தது. அன்ரனும் சேர்ந்து சிரித்தான், அவனுக்கு எதற்கும் சிரிப்புத்தான். நான் சிரிக்கவில்லை. சிந்துவெளியை வெல்லாமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். எப்படி வெல்வது என்றுதான் தெரியவில்லை. எகிப்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலில், வேதாகமம் சொல்லித் தரும் ஞானோபதேச வகுப்பில் கேட்டது. பார்வோன் கெட்டவன். தவளை வந்தது, ஈ வந்தது, கடைசியில் கடல் மூடி அவனுடைய தேரும் குதிரையும் அமிழ்ந்துபோயின.

"அவங்கள் கெட்ட ஆக்களெல்லோ? அவங்களுக்கு என்னத்துக்கடி கண்காட்சி?" என்று கேட்டான் அன்ரன்.  சின்னம்மாவிடம் போனோம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சட்டை தைப்பதுதான் வேலை. பள்ளிக்கூடச் சட்டை, கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, கலியாணத்துக்குத் தோழிச் சட்டை. முன் அறையில் துணி வெட்டுவதற்கு ஒரு பெரிய மேசை இருந்தது. பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் அந்த மேசைக்குக் கீழேதான் கிடந்தோம்.

சித்தப்பாவும் இல்லை. இரண்டு மாரிக்கு முன் ஒரு நாள் தனியே வலை இழுக்கப் போனார். காற்று திடீரென்று மாறியது. அடுத்த நாள் வள்ளத்தைக் கண்டெடுத்தார்கள். வள்ளத்தில் வலை இருந்தது, சோற்றுப் பெட்டி கழுவி மூடியபடி இருந்தது. சித்தப்பா இல்லை. பிறகும் அவர் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

இதில் எங்களுக்கு விளங்காத ஒரு சண்டை அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் அண்ணை, நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், மாதத்துக்கு ஒருக்கால் வந்து கதிரையில் இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு தொடங்குவார்.

"ஒரு பூசை வைச்சு, ஒரு பெட்டியைச் சேமக்காலையிலை தாட்டு, குருசு நடுவம். எத்தினை வீட்டிலை அப்பிடிச் செய்திருக்கினம். ஊர் கதைக்குது."

"ஊர் கதைக்கட்டும்" என்பார் சின்னம்மா, தையல் மெசினை விட்டுத் தலையை எடுக்காமல்.

"அவன்ரை ஆத்துமம் இளைப்பாற வேண்டாமோ?"

"வெறும் பெட்டியைத் தாட்டுப்போட்டு அதுக்கு முன்னாலை நான் என்னெண்டு முழந்தாளிலை நிக்கிறது? பலகைக்கோ செபம் சொல்லுறது? போங்கோ அண்ணை, உங்களுக்கு விசர்."

சேமக்காலை என்பது எங்கள் கோயிலின் இடுகாடு. நவம்பர் தொடக்கத்தில் ஆத்துமாக்கள் திருநாள் வரும். அதற்கு முன் ஊர் முழுக்க வாளியும் தூரிகையுமாகப் போய்த் தங்கள் தங்கள் கல்லறைகளைக் கழுவி வெள்ளையடிக்கும். திருநாளன்று பின்னேரம் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி எரியும், பூ இருக்கும், குடும்பம் சுற்றி நிற்கும். கல்லறை இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய குருசடியில் கொளுத்த வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆட்கள் கனபேர். சின்னம்மா அங்கேயும் போகமாட்டார். போன இரண்டு வருசமும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார். கையில் ஒரு மெழுகுதிரி இருந்தது, கொளுத்த இடம் இருக்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பெரியவர்கள் அதை மாதக்கணக்காகக் கதைத்தார்கள். நாங்கள் மேசைக்குக் கீழே இருந்து கேட்டோம், ஒன்றும் விளங்கவில்லை.

எகிப்து என்றதும் சின்னம்மா மெசினை நிற்பாட்டவில்லை. "உங்கடை ரீச்சர் என்ன சொல்லித் தந்தவ?" என்று கேட்டார். "நைல் நதியின் கொடை" என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்புவித்தோம்.

"சரி. அங்கை சட்டை தைக்கிறது ஆர்?"

ஜெனிற்றா புத்தகத்தைப் புரட்டினாள்.

"உவ்வளவு கல்லை இழுத்தவங்களுக்குச் சோறு ஆக்கினது ஆர்? அவங்கடை உடுப்பை ஆர் தோய்ச்சது?"

அன்ரன் சிரித்தான்.

"அப்ப நீங்கள் ஒண்டும் படிக்கேல்லை" என்றார். அடுத்த சனிக்கிழமை எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நடத்திப் பட்டணத்து நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். படம் போட்ட பெரிய எகிப்துப் புத்தகம் ஒன்று இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டோம் என்றார்கள். சின்னம்மா சண்டை பிடிக்கவில்லை. பையைத் திறந்து, சட்டை அளவு வெட்டும் மண்ணிறக் கடதாசியை எடுத்தார். படத்தின் மேல் வைத்தால் புத்தகம் பழுதாகிவிடும் என்று பக்கத்தில் வைத்து, கழுத்தளவு கையளவு எடுப்பது போல விரல்களால் அளந்து அளந்து ஒவ்வொரு படமாகக் கீறினார். நாங்கள் எழுத்தை வாசித்துச் சொன்னோம். எனக்கு அப்போதுதான் அந்த ஆட்கள் ஆட்களாகத் தெரிந்தார்கள். மாவைக் குழைத்துப் பாண் சுட்டார்கள். மீன் பிடித்தார்கள். வலையில் மண்குண்டு கட்டினார்கள். ஒரு படத்தில் ஒருவன் ஓடத்தில் நின்று எங்கள் அப்பா இழுப்பது போலவே வலையை இழுத்துக்கொண்டிருந்தான். முதுகு வளைகிற அதே வளைவு.

"அட, எங்கடை ஆக்கள்!" என்று அன்ரன் கத்த, நூலகத்துக்காரர் எழும்பி வந்தார்.

சின்னம்மாவுக்குப் பிடித்தது உடுப்பு. மெல்லிய வெள்ளைத் துணியில் நெருக்கி நெருக்கிப் பிடித்த சுருக்கு. "உந்தச் சுருக்கை இஸ்திரிப்பெட்டி இல்லாமல் எப்பிடியடா பிடிச்சவங்கள்?" என்று படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியிலும் அதையே கேட்டார். சோறு போடும்போதும் கேட்டார். ஒரு ஆள் இவ்வளவு காலத்துக்கு முந்திய இன்னொரு ஆளைப் பார்த்து உண்மையாகவே பொறாமைப்பட்டதை நான் அன்றுதான் கண்டேன். ரீச்சருக்கு எகிப்தின் மேல் பொறாமை இல்லை. அவருக்கு எகிப்து ஒரு வினாவுக்கு விடை.

பிரமிட் வேண்டாம், மம்மி செய்வோம் என்றது நான்தான். சிந்துவெளிக்காரர் களிமண்ணில் பெரிய குளியல் தொட்டி செய்கிறார்கள் என்று ஜெனிற்றா உளவு பார்த்து வந்திருந்தாள். தொட்டியை வெல்ல ஒரு பிரேதம்தான் சரி என்று எனக்குப் பட்டது.

"குடலை ஏன் வெளியிலை எடுத்தவங்கள்?" என்று ஜெனிற்றா கேட்டாள். அன்ரனுக்கு மூக்குத் துவாரத்தால் மூளையை இழுத்தெடுக்கும் கட்டத்தைத் தவிர வேறு எதிலும் அக்கறையில்லை. சின்னம்மா அப்போது குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா, வந்து மணந்து பார்" என்றார். வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து ஒரு சிரட்டையில் வைத்தார். "இதை உள்ளுக்கை விட்டால் பின்னேரத்துக்கிடையிலை நாறும். எடுத்துப்போட்டு உப்பை அடைஞ்சால் கனகாலம் கிடக்கும். ராசாவெண்டாலும் பாரையெண்டாலும் வயிறு ஒண்டுதான்."

அன்ரன் பாரையின் மூக்கைத் தேடினான். இரண்டு பேரும் அவனை அடித்தோம்.

குடலுக்கு நாலு சாடி வேண்டும். ஊறுகாய்ப் போத்தல்கள் நாலைக் கழுவி, மூடிகளில் களிமண்ணால் நாய்த்தலையும் குரங்குத்தலையும் பிடித்தோம். பருந்து கோழி மாதிரி வந்தது. பரவாயில்லை என்றார் சின்னம்மா, எகிப்திலும் கெட்டிக்காரன் அல்லாத ஒரு தொழிலாளி இருந்திருப்பான்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம். சின்னம்மா மெசினில். நான் கதிரையில் இருந்து, நூலகத்தில் எழுதிக்கொண்டு வந்ததை உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சியில் விளக்கம் சொல்ல வேண்டியது நான். செத்தவரின் உயிர், மனிதத்தலை வைத்த ஒரு பறவையாகப் பகலில் பறந்து திரியும். இரவில் தன் உடம்பைத் தேடி வரும். உடம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இடமில்லாமல் அலையும். ஆகவேதான் இவ்வளவு பாடுபட்டு உடம்பைக் காப்பாற்றினார்கள்.

"உடம்பு துலைஞ்சுபோனால்?" என்று கேட்டார் சின்னம்மா.

அடுத்த பக்கத்தில் அது இருந்தது. உடம்புக்கு ஏதும் நடந்துவிட்டால் என்று பயந்து, அவரைப் போலவே ஒரு உருவம் செய்து, பெயரை எழுதிக் கல்லறையில் வைப்பார்களாம். உயிர் பெயரைப் பார்த்து, இது நான்தான் என்று கண்டுபிடித்து, அதில் வந்து தங்குமாம்.

மெசின் நின்றது. துணி ஊசிக்குக் கீழே இருந்தது, காலும் மிதியில் இருந்தது, ஆனால் மெசின் நின்றுவிட்டது.

"திருப்பி வாசி பிள்ளை."

திருப்பி வாசித்தேன். நான் பிழையாக வாசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சின்னம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, சோதனையில் கேள்வி கேட்கிற குரலில், "அவரைப் போலவே எண்டால் எவ்வளவு போலை?" என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.

அன்றிலிருந்து வேலையின் தலைமை என் கையில் இருந்து போய்விட்டது. நான் சின்னதாக ஒரு மம்மி செய்து, பையில் வைத்துக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தேன். சின்னம்மா மேசை முழுவதும் கடதாசியை விரித்தார். சோக்குக்கட்டியால் ஒரு ஆளின் அளவைக் கீறினார். அளவுநாடாவைத் தொடவே இல்லை. தோள், இடுப்பு, கால். மேசை போதவில்லை, ஒரு வாங்கைக் கொண்டுவந்து சேர்த்தார்.

"சின்னம்மா, ராசாக்கள் இவ்வளவு உயரமில்லை."

"இந்த ராசா உயரம்."

உள்ளே அடைய நாங்கள் தும்பும் பழைய பேப்பரும் சேர்த்து வைத்திருந்தோம். அதைச் சின்னம்மா தொடவிடவில்லை. அலுமாரியைத் திறந்தார். சித்தப்பாவின் சாரங்கள், வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போடும் காற்சட்டை, கடலுக்குக் கட்டும் பழைய சாரம், எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, சுருட்டி, கையாகவும் காலாகவும் பிடித்துக் கட்டினார். நெஞ்சுக்குள் வெள்ளைச் சட்டையை வைத்தார். எனக்குப் பெரிய சந்தோசம். நல்ல துணி, தும்பு மாதிரிக் குத்தாது.

அம்மா ஏதோ வாங்க வந்தவர் கதவடியில் நின்றார். குறை சொல்லாமல் எந்த வீட்டிலும் இருந்து போகமாட்டாதவர் அம்மா. மேசையைப் பார்த்தார், திறந்து கிடந்த அலுமாரியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். சுற்றுவதற்கு வெள்ளைத்துணி காணாது என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். கையில், பெரிய வெள்ளிக்கு மட்டும் உடுத்தும் அவருடைய வெள்ளைச் சீலை.

"கிழி" என்றார். "இனி வேறை வாங்கலாம்."

நாங்கள் கிழித்தோம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும். சின்னம்மா பாதத்தில் இருந்து சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்றும் மற்றதை விட்டு விலகவில்லை, ஒரு இடத்திலும் சுருங்கவில்லை. நடுவில் என்னைக் கூப்பிட்டு, "சித்தப்பாவின்ரை பேரை அந்தப் பட எழுத்திலை எழுதிக் காட்டு" என்றார். எங்கள் பெயர்களை எல்லாம் ஏற்கெனவே அப்படி எழுதிப் பழகியிருந்தோம், சின்னம்மாவுக்கும் பழக ஆசை என்று நினைத்தேன். ஆந்தை, தண்ணீர் அலை, வாய், நாணல் என்று எழுதிக் கொடுத்தேன். ராசாக்களின் பெயரைச் சுற்றி ஒரு கயிறு போட்டு முடிவார்கள் என்றும் சொல்லிக் கொடுத்தேன். சின்னம்மா அதை ஒரு துண்டுத் துணியில் நீல நூலால் தைத்து, வலைநூலால் சுற்றிவர முடிச்சுப் போட்டு, நெஞ்சுக்கு மேல் வைத்து அதன் மேலும் சுற்றினார்.

"பேர் வெளியிலை தெரியாதே" என்றேன்.

"தெரிய வேண்டிய ஆளுக்குத் தெரியும்."

முகத்துக்கு மட்டையில் முகமூடி வெட்டி, நத்தார் நட்சத்திரத்துக்கு ஒட்டும் தங்கக் கடதாசியை ஒட்டினோம். கண்ணைச் சின்னம்மா கீறினார். பிறகு மூக்குக்குக் கீழே, தயங்காமல், கறுப்பு மையால் ஒரு தடித்த மீசையையும் கீறினார்.

ஜெனிற்றா துள்ளினாள். "ஐயோ, பார்வோனுக்கு மீசை இல்லை! தாடிதான், அதுவும் கட்டுறது!"

"இவருக்கு இருக்கு" என்றார் சின்னம்மா.

கடைசிப் பிழை என்னுடையது. மம்மியின் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்தோம். படத்தில் ஒரு கையில் வளைதடியும் மற்றதில் சவுக்கும் இருந்தன. நாங்கள் செய்த வளைதடி குடைப்பிடி மாதிரி இருந்ததால் எறிந்துவிட்டோம். கை வெறுமையாகக் கிடந்தது, பார்க்கச் சரியில்லை. நாங்கள் கண்ட எந்தச் செத்த ஆளும் வெறுங்கையோடு படுத்திருந்ததில்லை. ஒழுங்கையில் யார் செத்தாலும் விரல்களுக்குள் செபமாலையைச் சுற்றித்தான் பெட்டியில் கிடத்துவார்கள். "செபமாலை ஒண்டு தாங்கோ சின்னம்மா" என்று கேட்டேன். எகிப்தியர் கிறிஸ்து பிறக்க முந்தியவர்கள் என்பது மூன்று தலையில் ஒன்றிலும் ஓடவில்லை. சின்னம்மாவுக்கு ஓடியிருக்கும். ஆனால் அவர் சித்தப்பாவின் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியதை எடுத்து, சிலுவையை ஒருக்கால் முத்தமிட்டு, என்னிடம் தந்தார்.

கண்காட்சியன்று மண்டபத்தில் நான் தொண்டை கிழிய விளக்கம் சொன்னேன். சிந்துவெளிக்காரரின் தொட்டி ஒழுகி, மெசப்பொத்தேமியாவுக்குள் தண்ணீர் போனது. அன்ரன் வந்தவர்கள் எல்லாருக்கும் மூக்குக் கதையைச் சொன்னான். எல்லாம் நன்றாகவே போனது. பிறகு எங்கள் ஒழுங்கைப் பெண்கள், சந்தையில் மீன் விற்று முடித்த கையோடு, கூடைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

முதலில் வந்தவர் மம்மியின் முன் நின்றார். வெள்ளைத்துணி, மூடிய உடம்பு, கையில் செபமாலை. கை தானாக எழும்பி நெற்றியைத் தொட்டது. அடுத்தவரும் சிலுவை போட்டார். மூன்றாவது பெண் முழந்தாளில் இருந்து செத்தவருக்குச் சொல்லும் செபத்தைத் தொடங்க, மற்றவர்கள் முடித்தார்கள். யாரோ மடியில் இருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து அடி ஒட்ட இடம் தேடினார்.

"அக்கா, இது எகிப்து!" என்று கத்தினேன்.

"எந்த ஊராக் கிடந்தால் என்னடி, ஆத்துமம் ஆத்துமம்தானே" என்றார் அவர். பிறகு மீசையைக் கவனித்தார். பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் திரும்பி, சுவரோடு நின்ற சின்னம்மாவைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செபத்தைப் பழக்கத்துக்குச் சொல்லவில்லை.

ரீச்சர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன கூத்து இது? பார்வோனுக்குச் செபமாலையோ? மீசையோ?" சிந்துவெளி சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

சின்னம்மா முன்னுக்கு வந்தார். "பிள்ளையளை ஏசாதேங்கோ ரீச்சர். பிழைதான், தெரியும். ஆனா படுத்திருக்கிறவரின்ரை கையை எங்களாலை சும்மா விடேலாது."

"வரலாறு வேறை, உங்கடை செபம் வேறை."

"ஓம், வேறைதான்" என்றார் சின்னம்மா. 

முதல் பரிசு, ஒழுகிய தொட்டிக்கு. எங்களுக்கு ஒன்றும் இல்லை. புள்ளித்திட்டத்தின்படி ரீச்சர் செய்தது சரிதான். சரியாக இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மம்மியை ஓட்டோவில் ஏற்றினோம். உள்ளே அடங்காமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலையைச் சின்னம்மா மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வழியில் ஒரு பெரியவர் சைக்கிளை விட்டிறங்கித் தொப்பியைக் கழற்றினார். அன்ரன் சிரித்துச் சிரித்து ஓட்டோவில் இருந்து விழப் பார்த்தான். "ஆட்டாமல் ஓடு தம்பி" என்று மட்டும் சின்னம்மா ஓட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மம்மி வெட்டுமேசையில் கிடந்தது. சின்னம்மா நிலத்தில் பாய் போட்டு அதில் துணி வெட்டினார். எனக்கு வேறு திட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு மாங்காய் கொண்டுவந்தால் மம்மியைப் பார்க்கலாம் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு, முதல் மூன்று வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் வாடகைக் கதிரைகள். வீடு நிறைய வெள்ளை உடுத்த ஆட்கள். பங்குச் சுவாமியார் அப்போதுதான் எழும்பிப் போகிறார். எல்லார் கையிலும் தேத்தண்ணி.

மேசை வெறுமையாக இருந்தது.

"என்ரை மம்மி எங்கை?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா கையைப் பிடித்துக் கிள்ளினார். எனக்கு அந்தக் கிள்ளு போதவில்லை. பரிசையும் பறிகொடுத்தேன், மம்மியையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். "ஆரிட்டைக் குடுத்தனீங்கள்? ரீச்சரிட்டையோ?"

மாதா மாதம் வந்து சண்டை பிடிக்கும் பெரியப்பா மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். கண் சிவந்திருந்தது. "விடு பிள்ளை" என்றார். "ராசாக்களைக் கனகாலம் மேசையிலை வைச்சிருக்கேலாது."

சின்னம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். முழுக் கறுப்பில் இருந்தார். குளித்துத் தலை வாரி, பல நாள் காய்ச்சல் விட்ட ஆள் மாதிரி இருந்தது முகம். "ராசா போயிட்டார் குஞ்சு" என்றார். அவ்வளவுதான். நான் அவருடன் கோபம் போட்டேன். மாங்காய் மூன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. பின்னேரம் புறப்படும்போது சின்னம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவில்லை. எங்களுக்கு முன்னாலேயே படலையடியில் நின்றார், கையில் ஒரு பெட்டி மெழுகுதிரியோடு. சேமக்காலையில் பெரிய குருசடியில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. சின்னம்மா அதைக் கடந்து நேரே போனார். மதில் ஓரமாகப் புது மண். நீட்டான மேடு, பக்கத்துக் கல்லறைகளை விடக் கொஞ்சம் நீளம். வெள்ளையடித்த குருசில் சித்தப்பாவின் பெயர்.

கோபத்தை மறந்து கேட்டேன். "சித்தப்பா கிடைச்சிட்டாரோ?"

"ஓம்" என்றார் சின்னம்மா.

எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலும். சின்னம்மா முழந்தாளில் இருந்தார். முதல் திரியைக் கொளுத்தி மண்ணில் நட்டார். கடல்காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்திக் கையைக் குவித்து மறைத்தார். அவருடைய முகத்தில் அந்த வெளிச்சம் பட்டபோது, இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறார், இப்போது கேட்டால்தான் உண்மை வரும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் குந்தினேன். கை அந்த மண்மேட்டில் ஊன்றியிருந்தது.

"இனியாவது சொல்லுங்கோ சின்னம்மா. என்ரை மம்மியை என்ன செய்தனீங்கள்?"

சின்னம்மா திரியில் இருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்த சிரிப்பு.

"பத்திரமா இருக்கு" என்றார்.

நான் நம்பவில்லை.